சத்தியத்துக்கு நாள் பார்த்த பயணம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மருதானை ஸ்டேஷனில் களனிப் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறினேன். சித்திரை மாதம். இந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடைவெளி குறைவு, வண்டியும் அதற்கேற்ற குள்ளம். எதிர்ப் பலகையில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். கரவனெல்லைக்குச் சுமார் நாற்பத்தைந்து மைல்தான், ஆனாலும் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டாகிவிடும் என்றார்கள். நான் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்ந்த நேரத்தில் கோயில்களில் சைவப் பிரசங்கம் செய்கிறவன். கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா, இரண்டு நாள் பேச வேண்டும் என்று அங்குள்ள பெரிய கங்காணி ஆள் அனுப்பி அழைத்திருந்தார். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் முழங்காலில் இடித்துக்கொண்டு வந்தவர் காசிம் நானா. கரவனெல்லை ஸ்டேஷனுக்கு எதிரே அவருக்குத் தேத்தண்ணீர்க் கடையும் அதை ஒட்டி ஒரு சில்லறைக் கடையும் உண்டு. கொழும்பில் குடைகள் வாங்கிக் கட்டுக் கட்டாகக் காலடியில் வைத்திருந்தார். அவிசாவளையில் ரத்தினபுரி போகிறவர்கள் இறங்கி வண்டி மாறியதும் கொஞ்சம் காலை நீட்ட முடிந்தது. அப்போதுதான் பேச்சு வந்தது. தோட்டத்துக்குப் பிரசங்கம் செய்யப் போவதைச் சொன்னேன்.

"தோட்டத்துல எதப் பத்திப் பேசப் போற?" என்று கேட்டார். அவர்கள் பேச்சில் யாருக்கும் வினை இப்படித்தான் முடியும், மரியாதைக் குறைவு இல்லை.

"அம்மனுடைய கருணையைப் பற்றி."

"எங்கட பேச்சுல ரஹ்மத்து. நல்ல விஷயம். தோட்டத்துல அது தொரைட கையிலயும் கொஞ்சம் இரிக்கு. பாத்துப் பேசுங்க" என்று சிரித்தார். அவர் கேலி எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஊர் வியாபாரிக்குச் சித்தாந்தம் எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவனுக்கு வரும் திமிர் எனக்கும் உண்டு.

கரவனெல்லையில் இறங்கியபோது பன்னிரண்டு பத்து. நானாவின் கடையில் இரண்டு சதத்துக்கு வெறும் தேத்தண்ணீர் குடித்தேன், கருப்பட்டித் துண்டு தனி. பெரிய கங்காணியின் கூண்டு வண்டி காத்திருந்தது. நாலரை மைல் ஏற்றம். இரு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் மார்பளவில் சாய்வான வெட்டு, வெட்டுக்குக் கீழே பால் வடிய ஒரு சிரட்டை. காட்டுக்குள் வெயில் இறங்குவதில்லை, ஆனால் அட்டை தாராளமாக ஏறுகிறது. வண்டிக்காரர் எலுமிச்சங்காய்த் துண்டு ஒன்றைக் கொடுத்து, "கால்ல தேச்சுக்குங்க சாமி, ஒட்டாது" என்றார். ஒட்டத்தான் செய்தது.

அன்று மாலை ஆறு மணிக்குக் கோயில் முற்றத்தில் பேசினேன். முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். கருணை இரண்டு வகை என்று தொடங்கினேன். இன்சொல்லும் வரமும் தந்து ஆட்கொள்வது அறக்கருணை, தண்டித்துத் திருத்தி ஆட்கொள்வது மறக்கருணை. பண்டம் தரும் தாயும் அவள்தான், மூக்கைப் பிடித்துக் கசப்பு மருந்து புகட்டும் தாயும் அவள்தான் என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த உவமை பிடித்துவிட்டது. தண்டனையிலும் கருணை இருக்கிறது, ஆனால் அதற்கு விசாரணை வேண்டும், நோய் தெரியாமல் கொடுப்பது மருந்தாகாது என்றும் ஒரு வேகத்தில் சொன்னேன். அப்படிச் சொன்னது மறுநாள் என் கழுத்துக்கே வரும் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கங்காணி வீட்டில் சாப்பாடு. இட்லி, தேங்காய்ச் சம்பல், நெய், கதலிப்பழம். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணியார் பக்கத்தில் நின்று தாமே பரிமாறினார். நான் நாலாவது இட்லியில் இருந்தபோது விஷயத்தை எடுத்தார்.

இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. திருவிழாவின் இரண்டாம் நாள் அம்மன் தேர் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவிட்டுத் துரையின் பங்களாவுக்குப் போகும். துரை படியிறங்கி வந்து மாலை வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் குற்றத்தில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் அங்கே தேருக்கு முன்னால் விழுவார்கள். துரை "சரி, எழும்பு" என்பார். அதோடு குற்றம் தீர்ந்தது, வேலையும் போகாது. அம்மன் துரையின் வாயால் மன்னிக்கிறாள் என்று சனங்கள் சொல்கிறார்கள். அழகான வழக்கம் என்று நானும் மெச்சினேன்.

"இந்த வருசம் ஒரே ஒரு ஆளுதாங்க" என்றார் கங்காணியார். "வீராயின்னு ஒருத்தி. பால் வெட்டுறவ. நாப்பது மரத்துல பட்டையத் தாண்டி உள்மரம் வரைக்கும் கத்தியப் போட்டுட்டா. விழச் சொன்னா விழ மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா, ஐயா."

விழாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேலை நீக்கத் துண்டு கிடைக்கும் என்றார். அதில் மரத்தைக் கெடுத்தவள் என்று காரணம் எழுதியிருக்கும். அந்தத் துண்டோடு போனால் வேறு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். அவளுக்கு மட்டுமல்ல, புருஷனுக்கும் சேர்த்து லயக் காம்பிரா, அந்த ஒற்றை அறை வீடு, போய்விடும்.

ஒன்பது மணிக்குக் கோயிலில் கூடினோம். வீராயிக்கு முப்பது வயதிருக்கும். தலையில் கட்டிய துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முதல்நாள் மாலை முன்வரிசையில் இருந்து சிரித்த முகம். பக்கத்தில் அவள் புருஷன் முத்துக்கருப்பன். கொஞ்சம் தள்ளித் தங்கராசு என்றொரு வாலிபன். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"சாமி, இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான் முத்துக்கருப்பன். "விழுந்து எந்திரிச்சா முடிஞ்சு போச்சு. ரெண்டு புள்ளைங்க இருக்குங்க."

நான் குரலைக் கனிவாக்கிக்கொண்டேன். "அம்மா, தாயின் முன்னால் விழுவதில் என்ன குறைச்சல்?"

"அம்மன் முன்னால நான் தெனமும் விழுறேங்க" என்றாள் வீராயி. "இன்னிக்குப் பங்களாவுல விழுந்தா, நான் செஞ்சேன்னு அர்த்தம். நான் செய்யலீங்க. எனக்கு நாலு நாளு காய்ச்சல், தோட்டத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்த நாலு நாளும் என் மரத்த வெட்டுனது தங்கராசு. திரும்பி வந்து பாத்தப்பவே மரமெல்லாம் காயம். அன்னிக்கே கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னேன்."

தங்கராசு தன் கால் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கங்காணியாரின் அக்கா மகன் என்று அருகிலிருந்த ஒருவர் என் காதில் சொன்னார். இட்லிப் பந்தியில் அந்தச் செய்தி பரிமாறப்படவில்லை.

"நேத்து நீங்கதானே சாமி சொன்னீங்க, தண்டிக்கிறதும் கருணைதான்னு, ஆனா விசாரிக்கணும்னு. எனக்கு அந்தக் கருணை போதுங்க. கற்பூரம் ஏத்துங்க. நானும் அணைச்சு சத்தியம் பண்றேன். அவனும் அணைக்கட்டும். பொய் சொன்னவன் கைய அம்மன் பாத்துக்குவா."

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது இந்தச் சனங்களிடம் கடைசித் தீர்ப்பு. அதற்கு மேல் விசாரணை கிடையாது, பொய்யாக அணைக்க ஒருவருக்கும் துணிவு வராது. கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. கங்காணியாரும் பார்த்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "திருவிழா நாள்ல சத்தியம் வைக்கலாமான்னு ஐயாவே சாஸ்திரம் சொல்லட்டும்."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பெண் சொல்வது உண்மை என்று. தங்கராசு இன்னும் நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் நான் அந்த வீட்டில் சாப்பிட்டவன். மாலையில் எனக்குப் பொன்னாடை இருந்தது. அடுத்த வருஷமும் அழைப்பு வர வேண்டுமே என்ற ஆசையும் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மன் வீதி உலா வரும் நாட்களில் அவள் முழுக்கக் கருணை வடிவாக இருக்கிறாள். அந்த நாட்களில் சத்தியம் வைத்துத் தீர்ப்புக் கேட்பது ஆகாது" என்றேன். அப்படி ஒரு விதியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. நின்ற இடத்திலேயே கட்டிச் சொன்னேன். பேசிப் பழகிய வாய், இலக்கணச் சுத்தமாகவே வந்தது.

வீராயி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிற்பகல் நாலு மணிக்குத் தேர் பங்களாவுக்கு ஏறியது. மூங்கிலும் காகிதப் பூவும் கொண்டு கட்டிய சின்னத் தேர், பதினாறு பேர் தோளில் வந்தது. துரை ஐம்பது வயதுக்காரர். நல்லவர், இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியை வாதாடிக் கட்டுவித்தவர் அவர்தான் என்றார்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் டப்பாவோடு படியிறங்கி வந்து, குனிந்து மாலை வாங்கிக்கொண்டார். கங்காணியார் வீராயியை முன்னால் அழைத்தார். அவள் வந்தாள், ஆனால் விழவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"நான் மன்னிக்கிறது. நீ பயப்படாதே. கீழே விழு, போ" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில்.

"மன்னிப்பு வேணாங்க தொரை. விசாரிங்க. நான் செஞ்சிருந்தாத் தண்டனை குடுங்க."

துரைக்கு முதலில் புரியவில்லை. கங்காணியார் ஏதோ மெல்லச் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. நாற்பது மரம் காயம்பட்டதற்குக்கூட அப்படிச் சிவந்திருக்காது என்று நினைக்கிறேன். கொடுத்த பண்டத்தைத் தட்டிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தண்டனையை எதிர்த்தவளைக்கூட அவர் பொறுத்திருப்பார், தம்முடைய இரக்கத்தை வேண்டாம் என்றவளை அவரால் பொறுக்க முடியவில்லை. "அப்போ துண்டு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். தேர் திரும்பியது. மேளக்காரர்கள் வாசிக்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள்.

அன்று மாலையும் நான் பேசினேன். தலைப்பு, பொறுமை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது, ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு வண்டி கட்டிக் கரவனெல்லைக்கு இறங்கினேன். தோட்டத்தில் அன்று நடுப்பகல் மஞ்சள் நீர் விளையாட்டோடு திருவிழா முடியும். அதுவரை இருக்கச் சொல்லிக் கங்காணியார் வற்புறுத்தினார், பள்ளிக்கூடத்தைச் சாக்குச் சொல்லித் தப்பினேன். ரயில் பத்தேகாலுக்கு. ஒன்பதே முக்காலுக்கு நானாவின் கடையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளுடைய பிடிவாதத்தைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் தொடங்கினேன். கட்டிச் சொன்ன விதியையும் ஏனோ மறைக்கவில்லை. வேறு மார்க்கத்தவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

நானா தேத்தண்ணீரை உயர்த்தி ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தப் பொம்புள தொரைக்கி என்ன செஞ்ச?"

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்ப தொரை எத மன்னிக்கிற?"

நான் கருப்பட்டித் துண்டைக் கையில் எடுத்தேன்.

"ஐயா, எங்கட மார்க்கத்துல இப்பிடித்தான் சொல்ற. அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்த அல்லா மன்னிப்பான், அவன்ட ரஹ்மத்துக்கு எல்ல இல்ல. ஆனா ஒரு மனிசனுக்குச் செஞ்ச குத்தத்த அந்த மனிசன்தான் மன்னிக்கோணும். அதுல அல்லா குறுக்க வர மாட்டான்." கோப்பையை என் முன்னால் வைத்தார். "நீங்க அந்தப் பொம்புளைட்டக் கேட்டீங்களா?"

முந்நூறு பேருக்கு இரண்டு வகைக் கருணையையும் விளக்கிய எனக்கு, மூன்றாவதாக இப்படி ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. தவறு செய்தவன் கீழே நின்று, தவறு செய்யப்பட்டவரிடம் கேட்டு வாங்க வேண்டியது. மன்னிப்பு எப்போதும் மேலேயிருந்து கீழே வருவது என்றே நான் படித்திருந்தேன். அதனால்தான் பங்களாப் படியில் துரை நின்றதும் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

பத்து மணிக்கு வீராயி ஒரு மூட்டையோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். ரத்தினபுரிக்கு அப்பால் நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் தங்கை இருக்கிறாளாம். துண்டு கைக்கு வருவதற்குள் அங்கே பேர் பதிய முடியுமா என்று கேட்டுவரப் புறப்பட்டிருந்தாள். மேடையில் எங்கள் இருவரையும் தவிரக் கொடிக்காரர் ஒருவர் மட்டும் இருந்தார். நான் அவள் பக்கம் போனேன்.

"அம்மா, நேற்று நான் சொன்ன விதி பொய். தெரிந்தே சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும்."

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், இல்லை. யோசித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சொன்னது கோயில்லங்க, அத்தனை சனத்துக்கு முன்னால. மன்னிப்ப யாரும் இல்லாத எடத்துலயா கேக்குறது?"

கொழும்புப் பக்கம் போகும் வண்டி யட்டியாந்தோட்டையிலிருந்து புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது. மூன்று நிமிஷம் நிற்கும். என் சட்டைப் பையில் மருதானைக்கு டிக்கெட் இருந்தது. மனதுக்குள் எத்தனையோ சமாதானம் ஓடியது. தாளில் எழுதிக் கொடுக்கலாம், கங்காணியாருக்குக் கடிதம் போடலாம், அடுத்த வருஷம் பேசலாம். பத்திரிகையில் எழுதலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் வண்டி ஊதிவிட்டுப் போயிற்று. நான் துணிந்து நின்றேன் என்று சொல்ல மாட்டேன். யோசித்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது என்பதுதான் உண்மை. வீராயியும் ஏறவில்லை. மூட்டையை நானாவின் கடையில் வைத்துவிட்டு, "வாங்க, மஞ்சத் தண்ணி தொடங்குறதுக்குள்ள போயிரலாம்" என்றாள்.

நாலரை மைல் ஏற்றம், கூண்டு வண்டி இல்லை. புதுச் செருப்பு கடித்தது, அட்டையும் கடித்தது. அவள் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோயில் முற்றத்தில் அண்டாக்களில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தார்கள். மணிக்கம்பத்தடியில் கல்லின்மேல் ஏறி நின்று சொன்னேன். "நேற்று நான் சொன்ன விதி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. தங்கராசுவின் பேர் வெளியே வராமலிருக்க நானே கட்டிச் சொன்னது. வீராயியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

கங்காணியார் பதறாமல் வந்தார். "ஐயா வெயில்ல நடந்து வந்துட்டாங்க, தலை சுத்துது. மோர் கொண்டாங்க."

மோர் வந்தது. தாகமாக இருந்ததால் குடித்தேன். குடித்துவிட்டு அதையே மறுபடி சொன்னேன்.

பிறகு முத்துக்கருப்பன், முதல்நாள் விழச் சொல்லிக் கெஞ்சிய அதே மனிதன், தட்டில் கற்பூரம் வைத்து ஏற்றிக் கொண்டுவந்தான். வீராயி அம்மனைப் பார்த்து, "நான் வெட்டலம்மா" என்று சொல்லிச் சுடர்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மறுபடி ஏற்றித் தட்டைத் தங்கராசு முன்னால் நீட்டினான் முத்துக்கருப்பன். யாரும் அவனைத் தொடவில்லை, அதட்டவில்லை. தங்கராசு கையை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டான். கற்பூரம் தானாக எரிந்து தீரும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணியார் என்னுடன் அப்புறம் பேசவில்லை. ஆனால் பங்களாவுக்குப் போய் வந்தார். துரை சொன்னது சொன்னதுதான், வேலை திரும்பக் கிடைக்காது, ஆனால் துண்டில் காரணம் இராது என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். அது போதும், நிவித்திகலையில் பேர் பதிந்துகொள்ளலாம் என்றான் முத்துக்கருப்பன். எனக்குப் போதாது என்றுதான் பட்டது. செய்யாத குற்றத்துக்கு வீடு வாசலை விட்டு ஒரு குடும்பம் போகிறது, செய்தவன் அங்கேயே இருக்கிறான். ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மூன்று மணிக்குப் புறப்பட்டேன். லயத்துக்குக் கீழே மூங்கில் பீலியிலிருந்து கொட்டும் தண்ணீரில் வீராயி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நடுவில் வெள்ளிக்காசு அளவுக்குக் கொப்புளம்.

"மன்னித்துவிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கை இன்னும் எரியுதுங்க சாமி. ஆறட்டும்" என்றாள்.

கொட்டாஞ்சேனைக் கோயிலில் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் பேசுகிறேன். தீபாராதனைத் தட்டு வரும்போது மற்றவர்களைப்போலச் சுடர்மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன், சூடு தெரிவதற்குள் எடுத்துவிடுகிறேன். காசிம் நானா குடை வாங்கக் கொழும்புக்கு வரும்போதெல்லாம் கரவனெல்லைச் செய்திகள் எல்லாம் சொல்வார். வீராயி நிவித்திகலையில் பால் வெட்டுகிறாளாம், கை நன்றாகிவிட்டதாம். எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும். அவள் சொல்லும்போது சொல்லட்டும் என்று நான் கேட்பதில்லை.